பாண்டம் டிராஃப்ட்: ஒரு ரிச்மண்ட் ரசிகனின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை கிராண்ட் ஃபைனல் முடிந்ததும் மெல்பர்னில் ஃபூட்டி (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து) ஓய்ந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். புள்ளிப்பட்டியலின் அடியில் கிடக்கும் கிளப்பின் ரசிகர்களுக்கு அதற்கப்புறம்தான் சீசனே ஆரம்பம். அக்டோபரில் வீரர் பரிமாற்றம், நவம்பரில் டிராஃப்ட், அதாவது கிளப்புகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். நடுவே இருக்கிற வாரங்களில் ஆபீஸ் கிச்சன், ரயில், பார்பிக்யூ என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: நம் ஆட்கள் யாரை எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதாகச் சொல்லிக்கொண்டு வருபவை பாண்டம் டிராஃப்ட் பட்டியல்கள். எந்தக் கிளப் எந்தப் பையனை எத்தனையாவதாக எடுக்கும் என்று நிருபர்களும் ஆர்வலர்களும் முன்கூட்டியே போடும் கணிப்பு. பல வருடமாக இந்தப் பட்டியல்களோடும், கூடவே வரும் ஹைலைட்ஸ் வீடியோ, உடற்தகுதிச் சோதனை எண்கள் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி வந்திருக்கிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஐ.பி.எல். ஏலம் மாதிரி இங்கே பணத்தை வீசி ஆளைத் தூக்க முடியாது. 1986-ல் வந்த முறை இது: கடைசி இடம் பிடித்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. ஒரு வாய்ப்புக்குப் பெயர் ‘பிக்’. பெரும்பாலும் 18 வயதுப் பையன்கள். பெயர் வாசித்தாயிற்றென்றால் மெல்பர்னுக்குக் கிழக்கே இருக்கும் கிப்ஸ்லாந்துக்காரன் நாட்டின் மறுகோடியில் உள்ள பெர்த்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மாட்டேன் என்று சொல்ல இடமில்லை.

சரி, பட்டியல்கள் எப்படி? முதல் ஐந்தாறு பெயர் வரை நம்பலாம். அந்தப் பையன்களைப் பதினாறு வயதிலிருந்தே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கிளப்புகளும் பெரிதாக ஒளித்து வைப்பதில்லை. 2023-ல் ஹார்லி ரீட்தான் முதல் ஆள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். வெஸ்ட் கோஸ்ட் அவரைத்தான் எடுத்தது. பத்தைத் தாண்டினால் கதை வேறு. பதினைந்தாவது என்று போட்ட பையன் முப்பதில் போவான், பட்டியலிலேயே இல்லாத ஒருவன் பன்னிரண்டில் போவான். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்தப் பட்டியல் சொல்ல வருவது ‘யார் சிறந்த வீரர்’ என்பதை இல்லை, ‘கிளப் யாரை எடுக்கும் என்று காற்றுவாக்கில் கேள்வி’ என்பதைத்தான். ரசிகர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, “பட்டியலில் எட்டாவதாக இருந்தவன் நமக்குப் பதினெட்டில் கிடைத்தான், கொள்ளை லாபம்” என்று துள்ளுவார்கள். பத்து கிளப் வேண்டாமென்று தாண்டிப் போயிருக்கிறதே, ஏன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பிக் எண்கள் நழுவுவது இன்னொரு தலைவலி. கிளப்புக்காக நூறு ஆட்டம் ஆடியவரின் மகனுக்கு அந்தக் கிளப்பில் முன்னுரிமை உண்டு; வடக்கு மாநிலக் கிளப்புகளுக்குத் தங்கள் அகாடமியில் வளர்ந்த பையன்கள் மேலும் அதே மாதிரி முன்னுரிமை. மற்றொரு கிளப் அந்தப் பையனைக் கேட்டால், அப்பாவின் கிளப் அதற்கு ஈடான பாயிண்ட்ஸ் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு பாயிண்ட்ஸ் மதிப்பு உண்டு: 2015-ல் வந்த கணக்குப்படி அப்போது முதல் பிக் 3000 பாயிண்ட்ஸ், இரண்டாவது 2517. பையனுக்கு உரிமை உள்ள கிளப்புக்கு அதில் 20 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 2022-ல் நார்த் மெல்பர்ன் இரண்டாவது பிக்கில், பிரிஸ்பேனுக்கு ஆடியவரின் மகனான வில் ஆஷ்கிராஃப்டைக் கேட்டது. பிரிஸ்பேன் பின்வரிசை பிக்குகளைக் கட்டாகக் கொடுத்து அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. விளைவு, கையில் 2, 3 வைத்திருந்த நார்த் மெல்பர்ன் 3, 4-ல் ஹாரி ஷீசலையும் ஜார்ஜ் வார்ட்லாவையும் எடுத்தது. நல்ல ஆட்களைத்தான் எடுத்தார்கள். ஷீசல் அடுத்த வருடமே சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார். ஆனால் உதிரி பிக்குகளைக் கொடுத்து உச்சத்தில் இருக்கும் ஒருவரை வாங்க முடிகிறதே என்று அடிமட்டக் கிளப் ரசிகர்கள் வயிறெரிந்ததில் நியாயம் இருக்கிறது. 2025-ல் தள்ளுபடியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால் தள்ளுபடியே கூடாது.

இதைச் சொன்னால் என் யாழ்ப்பாண நண்பன் சிரிப்பான். அவன் காலிங்வுட் ஆள். 2021-ல் நான்காவது பிக்கில் நிக் டெய்கோஸ், பீட்டர் டெய்கோஸின் மகன் என்ற உரிமையில் அவர்களுக்கு வந்து சேர்ந்தார். “மச்சான், நீங்கள் நல்ல தகப்பன்மாரைப் பார்த்து முதலே எடுத்து வச்சிருக்க வேணும்” என்பான். அவனிடம் இந்த விஷயத்தைப் பேசிப் பயனில்லை.

ஹைலைட்ஸ் வீடியோவுக்கு வருவோம். இருக்கிறதிலேயே மோசமான கருவி இதுதான். மூன்று நிமிடத்தில் ஒரு பையன் நாலு பேர் தோளில் ஏறிப் பந்தைப் பிடிப்பான், எல்லைக்கோட்டிலிருந்து வளைத்து கோல் அடிப்பான். பின்னணி இசை வேறு. கையில் பந்து இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பது அதில் வராது. எதிரணி பந்தோடு கிளம்பும்போது திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? இந்த ஆட்டத்தில் பாதி அதுதானே. கூடுதல் அலசல் கிடைக்கும் என்று ஒரு சீசன் காசு கட்டிச் சந்தாகூட எடுத்துப் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் அதே வீடியோக்களுக்குக் கீழே இரண்டு பத்தி சேர்த்திருந்தார்கள். புதுப்பிக்கவில்லை.

அக்டோபரில் நடக்கும் உடற்தகுதிச் சோதனை எண்கள் பரவாயில்லை. 20 மீட்டர் ஓட்டத்தை 2.9 நொடிக்குள் முடிப்பவன் உண்மையிலேயே வேகமானவன். 2 கிலோமீட்டரை ஆறு நிமிடத்தை ஒட்டி ஓடுபவனுக்கு நுரையீரல் இருக்கிறது. சமமாகத் தெரியும் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் இது உதவும். வேகம் போதாது என்று ஒதுக்கப்பட்ட சாம் மிட்செல் 2001-ல் 36-ஆவது பிக்கில்தான் போனார். ஹாத்தோர்னுக்கு நான்கு சாம்பியன் பட்டங்களில் ஆடியவர், சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 2012-ல் எங்கள் ட்ரென்ட் காட்சினோடு பகிர்ந்துகொண்டவர். பின்னாளில் காலிங்வுட்டின் நட்சத்திரமான டேன் ஸ்வான் அதே 2001-ல் 58-ல் போனார். ஸ்டாப்வாட்சைப் பார்த்து எடுத்திருந்தால் இருவரும் கிளப் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையில் பலன் கொடுத்தது நேரில் போய்ப் பார்ப்பதுதான். 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலண்ட் லீக் ஆட்டங்கள் ஊர் ஊராக நடக்கும்: ஓக்லி, சாண்ட்ரிங்ஹம், டான்டினாங், பெண்டிகோ அணிகள். கூட்டம் இருக்காது. ஜூலை மாதக் காற்றில் காது விறைக்கும், கையில் ஒரு மீட் பை (இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி), தக்காளி சாஸ். எல்லைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளப் ஜாக்கெட் போட்ட தேர்வாளர்கள் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். அவர்கள் கண் போகிற பக்கத்தைக் கவனியுங்கள்: கூட்டம் முழுக்க பந்தைப் பார்க்கும், அவர்கள் பந்து இல்லாத பக்கம் நிற்கும் ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அதையே செய்ய ஆரம்பித்தேன். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க ஒரே ஒருவன். இன்னொரு பையன் பந்தைக் கோட்டை விட்டபோது அவன் முதுகில் தட்டுகிறானா, கையை விரித்து முறைக்கிறானா? இடது காலில் உதைக்கும்படி நெருக்கினால் என்ன செய்கிறான்? கடைசி ஐந்து நிமிடத்தில் வாய் திறந்து சத்தம் போட்டு மற்றவர்களைச் சரியான இடத்தில் நிற்க வைக்கிறானா? எந்தப் பட்டியலிலும் இதற்குக் கட்டம் கிடையாது. அப்புறம் வீட்டுக்கு வந்து அவன் எடுத்த பந்துகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், முப்பது என்று போட்டிருக்கும். அதில் எத்தனை நெரிசலுக்குள் தலையைக் கொடுத்து எடுத்தவை, எத்தனை வெளியே நின்று சும்மா வாங்கிக் கொடுத்தவை என்பது நேரில் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இனி ரசிகர்கள் காலங்காலமாக அடித்துக்கொள்ளும் பெரிய சண்டை. இருப்பதிலேயே சிறந்தவனை எடுப்பதா, அணியில் ஓட்டை இருக்கும் இடத்துக்கு ஆள் எடுப்பதா? ரிச்மண்ட்காரர்களிடம் இதைக் கேட்டால் உடனே 2004 வரும். முதல் பிக்கில் பிரெட் டெலிடியோ, நான்காவதில் ரிச்சர்ட் டாம்ப்ளிங். ஐந்தாவதில் ஹாத்தோர்ன் எடுத்தது லான்ஸ் ஃபிராங்க்ளினை. அவர் 2022-ல் ஆயிரமாவது கோல் அடித்தபோது சிட்னி மைதானத்துக்குள் கூட்டம் ஓடி இறங்கியது; அன்றும் எங்கள் பக்கத்தில் ஒருவர் “நான்காவது பிக்...” என்று பெருமூச்சு விட்டார். எனக்கு இந்தப் புலம்பல் பிடிப்பதில்லை. டாம்ப்ளிங் ரிச்மண்டுக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர். தன்னை நான்காவதாக வாசியுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கிளப் போட்ட கணக்குக்கு ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்க இன்னொருவர் பக்கத்தில் நிறுத்தி அளப்பது அநியாயம்.

அதே ரசிகர்கள் 2009-ஐ மட்டும் சத்தமாகச் சொல்வார்கள். மெல்பர்ன் கிளப் 1, 2 இரண்டையும் வைத்துக்கொண்டு டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ் என்று எடுத்தது. மூன்றாவதாக வந்த டஸ்டின் மார்ட்டின் எங்களுக்கு. கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை மூன்று முறை வாங்கிய ஒரே ஆள். ஸ்கல்லி கொஞ்ச காலத்தில் வேறு கிளப்புக்குப் போனார், ட்ரெங்கோவைக் கால் காயம் முடக்கியது. எந்தத் தேர்வாளரும் அந்தக் காயத்தை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. அப்புறம் மார்லியன் பிக்கெட். 2019 சீசன் நடுவே நடந்த டிராஃப்டில் 27 வயதில் வந்தார், முதல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல், 89 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. கணிப்புப் பட்டியல் போடுகிறவர்கள் அவர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

என் கட்சி இது: முதல் பத்துக்குள் சிறந்தவனை எடு, ஓட்டையைப் பற்றி அப்புறம் யோசி. பதினெட்டு வயதுப் பையன் தேறி வர மூன்று நான்கு வருடம் ஆகும். இன்றைய ஓட்டை அதுவரை அதே இடத்தில் இருக்காது. உயரமான முன்கள வீரர்கள் விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும், அவர்கள் தேற இன்னும் நாளாகும்.

2024-ல் இதை முழுசாகப் பயன்படுத்திப் பார்க்க வாய்ப்பு வந்தது. ரிச்மண்ட் இரண்டே ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடம். டேனியல் ரியோலி, ஷாய் போல்டன், லியாம் பேக்கர் எல்லாம் கிளம்பிப் போனார்கள், பதிலுக்கு பிக்குகள் வந்து குவிந்தன. அந்த நவம்பரில் எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் மாதிரி அதற்கு முன் பார்த்ததில்லை. ஜாகா ஸ்மித் பந்தை அள்ளிக் குவிக்கிறார், ஆனால் உடம்பு சின்னது. ஃபின் ஓசல்லிவன் கச்சிதம். சாம் லேலர் ஆளை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வருவார், டஸ்டின் மார்ட்டின் மாதிரி, ஆனால் காயத்தால் அந்த வருடம் குறைவாகத்தான் ஆடினார். நான் லேலர் கட்சி. மெல்பர்னுக்கு மேற்கே இருக்கும் பாக்கஸ் மார்ஷ் ஊர்ப் பையன். கிளப்பும் அவரையே முதலாவதாக வாசித்தது. முதல் முப்பது பெயருக்குள் ஏழு பேரை எடுத்தார்கள், முழங்கால் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்து சிகிச்சையில் இருந்த டாஜ் ஹாட்டனையும் 12-ல் எடுத்தது எனக்குப் பிடித்தது. 2025 முதல் ஆட்டத்தில் கார்ல்டனை வீழ்த்தியபோது லேலர் களத்தில் இருந்தார். அந்த வருடப் பட்டியல் தேறியதா என்று இப்போதே தீர்ப்பு எழுத மாட்டேன், 2028 வரை பொறுக்கலாம்.

யாருக்கு இது சரிப்படும்? உடனே பலன் வேண்டுபவர்களுக்கு வேண்டவே வேண்டாம். குளிர்காலச் சனிக்கிழமைகள் போகும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஏழெட்டு வருடம் கழித்து எம்.சி.ஜி. (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) களத்தில் ஒருவன் ஓடி வரும்போது, அவனைப் பதினேழு வயதில் காலி மைதானத்தில் பார்த்திருப்பதற்கு ஈடாக வேறு எதையும் இந்த ஆட்டத்தில் நான் கண்டதில்லை. பட்டியல்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் டிராஃப்டுக்கு முந்தின வாரம் வருபவை. ஜூலையில் போடும் பட்டியல் வெறும் பொழுதுபோக்கு. புதுக் கிளப்பான டாஸ்மேனியா டெவில்ஸ் 2028-ல் ஆட வருகிறது. அதற்கு முன் அவர்களுக்கு முன்வரிசை பிக்குகள் நிறையப் போகப்போகின்றன. ஆகவே இப்போதைக்குக் கையில் இருக்கும் முதல் சுற்று பிக்கை எதற்காகவும் விற்க வேண்டாம் என்பது என் கட்சி. காலிங்வுட் நண்பன் இதற்கும் ஏதோ சொல்ல வைத்திருக்கிறான்.