டொமைன் பெயரை ஒப்பிட எது சரி: ஸ்ட்ரிங்கா, யுஆர்எல்லா, குவாவாவா, சொந்தக் கிளாஸா?

இரண்டு டொமைன் பெயர்கள் ஒன்றா என்று ஒரு கோட் கேட்கும்போது, அதற்குள் மூன்று வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸின் கணக்கில் இவை ஒரே பெயரா? ஒன்று மற்றதன் கீழ் வருகிறதா? இரண்டையும் பதிந்தவர் ஒருவர்தானா? இந்த மூன்றையும் ஒரே ‘ஈக்குவல்ஸ்’ மெத்தட் தலையில் கட்டினால் ஏதாவது ஒன்றில் நிச்சயம் அடி விழும். சிங்கப்பூரில் எழுதும் மென்பொருளுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். இங்கே .எஸ்ஜி, தமிழில் .சிங்கப்பூர், சீன எழுத்தில் ஒன்று என மூன்று மேல்நிலைப் பெயர்கள் உண்டு. அதோடு, பல நிறுவனங்கள் இரண்டு அடுக்குள்ள .காம்.எஸ்ஜி கீழேதான் இருக்கின்றன.

முதலில் வெறும் ஸ்ட்ரிங். எழுதுவது சுலபம், டேட்டாபேஸில் அப்படியே போடலாம். ஆனால் டிஎன்எஸ், ஆங்கில எழுத்துகளில் பெரியது சிறியது பார்ப்பதில்லை, ஸ்ட்ரிங் பார்க்கும். டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பதில் வாங்கித் தரும் ரிசால்வர்களில் சில, போலிப் பதிலைத் தடுக்க, கேள்வியிலேயே பெரிய சிறிய எழுத்துகளைக் கலைத்து அனுப்பும். பதிலும் அப்படியே கலைந்து வரும். ஸ்ட்ரிங் சாவி வைத்த கேஷில் ஒரே பெயர் பல முறை ஏறும். சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தால், ஜாவாவில் லொக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) கொடுக்காமல் மாற்றும்போது, துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் ‘ஐ’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து புள்ளியில்லாத வேறோர் எழுத்தாகிவிடும். டாட்நெட்டில் பெரியது சிறியது பார்க்காத ஆர்டினல் ஒப்பீடு, ஜாவாவில் எந்த மொழியையும் சாராத ரூட் லொக்கேல் என்று வெளிப்படையாகச் சொல்லியே தீர வேண்டும்.

ஸ்ட்ரிங்கின் பெரிய ஆபத்து இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஒரு முகவரி அரசாங்கத்துடையதா என்று பார்க்க, ‘கவ்.எஸ்ஜி’ என்று முடிகிறதா எனச் சோதிக்கும் கோட் நிறைய உண்டு. ‘ஃபேக்கவ்.எஸ்ஜி’ என்று யாரோ பதிந்த பெயரும் அப்படித்தான் முடியும். முன்னால் ஒரு புள்ளி சேர்த்துச் சோதித்தால் அந்த ஓட்டை அடையும், ஆனால் கவ்.எஸ்ஜி என்ற பெயரே தோற்றுவிடும். முடிகிறதா என்று பார்க்காமல் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: வேறொருவரின் டாட்காம் பெயருக்கு முன்னால் கவ்.எஸ்ஜி என்று ஒட்டினாலே கதவு திறந்துவிடும்.

ஜாவாவின் யுஆர்எல் கிளாஸை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அதன் ‘ஈக்குவல்ஸ்’, இரண்டு ஹோஸ்ட் பெயர்களும் ஒரே ஐபிக்குப் போனால் அவை சமம் என்று சொல்லும். அதற்காக நெட்வொர்க்கில் தேடப் போகும். அதுவரை த்ரெட் நிற்கும். பல தளங்களுக்காகப் பக்கங்களை அனுப்பித் தரும் ஒரே சிடிஎன்னுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிடலாம். நெட்வொர்க் இல்லாதபோது அதே இரண்டு பெயர்கள் வேறாகிவிடும். ஹாஷ்செட்டில் போட்ட பொருளின் சமத்துவம் வைஃபையைப் பொறுத்து மாறினால் அந்தச் செட்டை நம்ப முடியாது. யுஆர்ஐ கிளாஸ் இப்படித் தேடுவதில்லை. ஆனால் தமிழ்ப் பெயரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஜாவாவுக்கான கூகுள் லைப்ரரி குவாவாவின் ‘இன்டர்நெட்டொமைன்நேம்’ இவற்றைவிடப் பல மடங்கு மேல். மாறாத ஒப்ஜெக்ட், எழுத்தைச் சிறிதாக்கும், கடைசிப் புள்ளியை எடுக்கும், சீன, ஜப்பானிய உள்ளீட்டில் வரும் முழு அகலப் புள்ளியையும் சாதாரணப் புள்ளியாக ஏற்கும். மூன்றாவது கேள்விக்குக் கைவசம் பதில் வைத்திருப்பது இதன் பெரிய பலம். கடைசி இரண்டு லேபிள்களை (புள்ளிகளுக்கு இடையிலுள்ள துண்டுகளை) வெட்டி எடுத்து ‘பதிந்தவர்’ என்று கொள்ளும் கோட், .காம்.எஸ்ஜி கீழுள்ள அத்தனை நிறுவனங்களையும் ஒரே ஆளாக்கிவிடும். குவாவா, எந்த வால்களின் கீழ் பொதுமக்கள் பெயர் பதியலாம் என்று சொல்லும் பப்ளிக் சஃபிக்ஸ் பட்டியலைப் பார்த்து, காம்.எஸ்ஜி என்பது பொது வால் என்றும் அதற்கு முந்தைய லேபிளிலிருந்துதான் உரிமை தொடங்குகிறது என்றும் சொல்லும். அந்தப் பட்டியல் லைப்ரரிக்குள்ளேயே அடைத்து வருவதால், பழைய பதிப்பை விட்டுவைத்தால் பட்டியலும் பழசாகவே இருக்கும்.

அதன் குறை இரண்டு. அடிக்கோட்டில் தொடங்கும் லேபிளை ஏற்காது. டிமார்க் (மின்னஞ்சல் போலியைத் தடுப்பது), எஸ்ஆர்வி (ஒரு சேவை எந்தச் சர்வரில் என்று சொல்வது) பதிவுகளின் பெயர்கள் எல்லாம் அடிக்கோட்டில்தான் தொடங்கும், எனவே டிஎன்எஸ் கருவி எழுதுவோருக்கு இது உதவாது. அடுத்தது நமக்கு வலிக்கும் இடம்: தமிழில் எழுதிய பெயரும், அதை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் எழுதும் ப்யூனிகோட் வடிவமும் சமமில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. ‘சிங்கப்பூர்’ என்ற லேபிளுக்கு யூனிகோடில் 11 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 33 பைட்டுகள். டிஎன்எஸ் கம்பியில் போவதோ ‘எக்ஸ்என்’னும் இரண்டு கோடுகளும் முன்னால் வரும் 22 எழுத்துகள். பிரவுசரிலிருந்து ஒரு வடிவமும் லாக்கிலிருந்து மற்ற வடிவமும் வந்தால் குவாவா இரண்டையும் வேறாகவே வைக்கும்.

டிஎன்எஸ் பக்கம் ஆழமாகப் போவோருக்கு பைத்தானில் டிஎன்எஸ்பைத்தான், ஜாவாவில் டிஎன்எஸ்ஜாவா. இரண்டும் பெயரை ஸ்ட்ரிங்காக அல்லாமல் பைட்டுகளாலான லேபிள்களாகப் பார்க்கின்றன. இது வெறும் அழகுக்கு அல்ல. ஒரு லேபிளுக்குள்ளேயே புள்ளி வரலாம். ஒரு டொமைனின் நிர்வாக விவரங்களைச் சொல்லும் எஸ்ஓஏ பதிவில் நிர்வாகியின் மின்னஞ்சலைப் பெயராக எழுதும்போது அப்படி வரும். புள்ளியில் வெட்டும் கோட் அங்கே தவறாக எண்ணும். டிஎன்எஸ்பைத்தானில், கடைசிப் புள்ளி உள்ள முழுப் பெயருக்கு, வேரின் வெற்று லேபிளும் பட்டியலில் சேரும். அதனால் முழுப் பெயரும் அந்தப் புள்ளி இல்லாத சார்புப் பெயரும் சமமாகாது. அது சரியான முடிவு. கண்டெய்னர்களை இயக்கும் குபர்நெட்டீஸின் பாட் ஒன்றில் கடைசிப் புள்ளி இல்லாத பெயர், தேடல் பட்டியலில் உள்ள வால்களை ஒட்டிப் பார்த்த பிறகே தனியாகத் தேடப்படலாம். இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும் என்ற உத்தரவாதம் இல்லை.

வணிக மென்பொருளுக்கு எங்கள் தேர்வு: இதேபோல் பெயரை லேபிள்களாகப் பார்க்கும் ஒரு சின்ன, மாறாத சொந்தக் கிளாஸ், மூன்றாவது கேள்விக்கு மட்டும் உள்ளே குவாவா. பெயர் நுழையும் வாசலில் ஒரே தடவை இயல்பாக்க வேண்டும்: என்எஃப்சி (ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் முறை), பிறகு யுடிஎஸ் 46 (டொமைன் பெயர்களுக்கான யூனிகோட் மாற்று விதிகள்), பிறகு ப்யூனிகோட், கடைசியில் ஆங்கில எழுத்துகளை மட்டும் சிறிதாக்குவது. நீளத்தை இதற்குப் பிறகே சோதியுங்கள்: லேபிளுக்கு 63 பைட்டுகள், முழுப் பெயருக்குக் கம்பி வடிவில் 255, புள்ளி வைத்து எழுதினால் 253 எழுத்துகள். தமிழ் எழுத்துகளை எண்ணிச் சோதித்தால் கணக்கு தப்பும்.

‘ஈக்குவல்ஸ்’ முதல் கேள்விக்கு மட்டும். ஹாஷ்கோட் அதே இயல்பாக்கிய பைட்டுகளிலிருந்து வர வேண்டும். காட்டுவதற்காக வைத்திருக்கும் அசல் எழுத்திலிருந்து வந்தால் மேப்பில் போட்டது திரும்பக் கிடைக்காது. மற்ற இரு கேள்விகளுக்கும் ‘இதன்கீழா’, ‘ஒரேபதிவா’ என்று தனி மெத்தட். வரிசைப்படுத்த, ஆர்எஃப்சி 4034 என்ற டிஎன்எஸ் தர ஆவணம் சொல்வதுபோல் வலக்கோடி லேபிளிலிருந்து ஒப்பிடுங்கள். அப்போது ஒரு பெயரின் கீழுள்ளவை எல்லாம் ட்ரீமேப்பில் அடுத்தடுத்து உட்காரும், ஒரே துண்டாக எடுக்கலாம். ஹோஸ்ட் பெயர் என்பதைத் துணைக் கிளாஸாக்கி அதற்குத் தனி ‘ஈக்குவல்ஸ்’ எழுத வேண்டாம்: இவன் அவனுக்குச் சமம், அவன் இவனுக்குச் சமமில்லை என்ற நிலை வந்துவிடும். ஹோஸ்ட் விதிகளைச் சோதிக்க ஒரு மெத்தட் போதும்.

இயல்பாக்கும் லைப்ரரியைப் பார்த்து எடுங்கள். ஜாவாவின் உள்ளமைந்த ஐடிஎன் கிளாஸும் பைத்தானின் உள்ளமைந்த ஐடிஎன்ஏ கோடெக்கும் பிற மொழிப் பெயர்களுக்கான ஐடிஎன்ஏவின் 2003 விதிகளைப் பின்பற்றுபவை. 2008 விதிகள் வேறு. ‘க்ஷ’ சேர்ந்து நிற்காமலிருக்க நடுவில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கியை 2003 தூக்கி எறியும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பின் வந்தால் 2008 அதை வைத்துக்கொள்ளும். ஒரு சர்வர் ஒன்றையும் மற்றொன்று மற்றதையும் பின்பற்றினால், திரையில் ஒரே மாதிரித் தெரியும் உள்ளீட்டுக்கு இரண்டு ப்யூனிகோட் பிறக்கும். யூனிகோட் வேலைகளுக்கான ஐசியு லைப்ரரி யுடிஎஸ் 46ஐத் தருகிறது. எல்லா இடத்திலும், 2008 போல அந்த நீக்கியை வைத்துக்கொள்ளும் ‘நான்-டிரான்சிஷனல்’ முறையையே வையுங்கள்.

யூனிட் டெஸ்டில் தமிழ் ஜோடிகள் கட்டாயம் இருக்கட்டும். ‘பொங்கல்’ என்பதன் ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் தட்டலாம், என்எஃப்சி இவற்றை ஒன்றாக்கும், எனவே சமம் என்று வர வேண்டும். ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் தட்டியிருந்தால் பார்க்க ஒன்று போலவே இருக்கும், எந்த இயல்பாக்கமும் அதைச் சேர்க்காது. கோவில் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’யும் அப்படியே: ‘ஸ’வில் தொடங்கியும் ‘ஶ’வில் தொடங்கியும் தட்டலாம், பல எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான் தெரியும். இந்த இரண்டு ஜோடிக்கும் ‘ஈக்குவல்ஸ்’ சமமில்லை என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் டிஎன்எஸ்ஸுக்கு அவை வேறு பெயர்கள். பார்வைக்கு ஒன்று போலிருப்பதைப் பிடிக்க, பதிவுப் படிவத்தில் எச்சரிக்கும் தனி மெத்தட் ஒன்றை எழுதுங்கள்.