400, 340, 300: ஒரே காம்பவுண்ட் வில்லில் மூன்று விறைப்பு அம்புகள்

காம்பவுண்ட் வில்லுக்கு வேட்டை அம்பு வாங்கும்போது, தண்டின் விறைப்பைக் குறிக்கும் இரண்டு ஸ்பைன் எண்களுக்கு நடுவே தயங்கி நிற்கிறீர்கள் என்றால், விறைப்பானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வில்லில் ஈஸ்டன் நிறுவனத்தின் ஆக்சிஸ் 5 மில்லிமீட்டர் தண்டுகளை 400, 340, 300 என்று மூன்று விறைப்பிலும் பல பருவங்கள் எய்து பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன். நான் வேட்டைக்குப் போவது மிச்சிகனின் ஹியூரான்-மேனிஸ்டீ தேசியக் காட்டுக்கு. அங்கே அக்டோபர் 1 அன்று வில் பருவம் தொடங்கும். நவம்பர் 15 அன்று துப்பாக்கிக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். குறி வெண்வால் மான். தூரம் பெரும்பாலும் 20 கஜம், மிஞ்சிப்போனால் 30.

ஸ்பைன் எண்ணைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு 0.340 அங்குலம் தொய்ந்தால் அது 340, 0.400 அங்குலம் தொய்ந்தால் 400. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். ஆனால் இது மேசைமேல் கிடக்கும் அம்பின் கணக்கு. வில்லில் ஏறியதும் கணக்கு மாறிவிடும். தண்டு நீண்டால் அதிகம் வளையும், முனை கனத்தால் அதிகம் வளையும், நாணை இழுக்கத் தேவைப்படும் பளுவான இழுப்பு எடை கூடினாலும் அப்படித்தான். வில்லின் முனையில் சுழலும் சக்கரமான கேம் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தள்ளுகிறது என்பதும் இதில் சேரும்.

இழுப்பு எடையைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 70 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு தளர்வு இருந்தால், அதாவது கடைசியில் அந்த அளவு பளு குறைந்தால், முழு இழுப்பில் கை தாங்குவது 14 பவுண்டுதான். 1966இல் மிசௌரிக்காரர் ஹோலிஸ் வில்பர் ஆலன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த வில்லின் பெரிய வரமே அந்தத் தளர்வுதான். கைக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை அம்புக்குக் கிடையாது. நாண் விடுபட்டு முன்னே வரும் வழியில் 70 பவுண்டு உச்சத்தையும் அது வாங்கியே தீர வேண்டும். எனவே தண்டைத் தேர்ந்தெடுக்க உச்ச எடையைத்தான் பார்க்க வேண்டும். அதையும் லிம்பில் (வில்லின் வளையும் கையில்) ஒட்டிய சீட்டை நம்பாமல் தராசில் பாருங்கள். என் வில்லின் சீட்டில் 60 முதல் 70 என்று இருக்கிறது. இழுப்பு எடையைக் கூட்டிக் குறைக்கும் லிம்ப் போல்ட்டை முழுவதும் இறுக்கி, உச்ச அளவைப் பிடித்து வைக்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தால் 72 காட்டுகிறது. தண்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒரு கட்டம் தள்ளிப்போக அந்த வித்தியாசமே போதும்.

என் இழுப்பு நீளம் 28.5 அங்குலம், தண்டுகளை 28 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்கிறேன். வில்லை 60 பவுண்டில் வைத்திருந்த காலத்தில், 100 கிரெய்ன் (அம்பை எடைபோடும் சிறு அலகு) முனையுடன் 400 தண்டு குறையில்லாமல் பறந்தது. தோள் பழகப் பழக இழுப்பு எடையைப் படிப்படியாக ஏற்றினேன். 67 பவுண்டை எட்டியபோது பயிற்சி முனையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 20 கஜத்தில் அம்புகள் வழக்கம்போல நெருங்கியே விழுந்தன. நிலையான அலகுள்ள வேட்டை முனையான பிராட்ஹெட்டைத் திருகியதும் குட்டு வெளிப்பட்டது. 30 கஜத்தில் பிராட்ஹெட் அம்புகள் பயிற்சி அம்புகளை விட்டு ஒரு சாண் தள்ளிப் போயின.

இதற்குக் காரணம் எளிது. பிராட்ஹெட்டின் அலகுகள் அம்பின் முன்பக்கத்தில் வைத்த இறக்கைகள் மாதிரி வேலை செய்கின்றன. தண்டு அளவுக்கு மீறி வளைந்து புறப்பட்டால், பின்னால் இருக்கும் இறகு போன்ற வேன்கள் அதை நேராக்குவதற்குள் முன்னால் இருக்கும் அலகுகள் காற்றைப் பிடித்துத் திருப்பிவிடும். பயிற்சி முனையில் அலகு இல்லாததால் அந்தப் பிழை மறைந்தே கிடக்கிறது.

வேன் ஒட்டாத தண்டை ஆறடித் தூரத்தில் கட்டிய காகிதத்தின் வழியே எய்தேன். நேராகப் போனால் ஒரே வட்டத் துளைதான் விழும். எனக்கு விழுந்தது முனை குத்திய துளையும், அதிலிருந்து இடப்பக்கமாக ஓர் அங்குலத்துக்கு மேல் நாக் (நாணில் பூட்டும் பின்முனை) இழுத்த கிழிசலும். அம்பு தங்கும் ரெஸ்ட்டை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகர்த்தினேன்; கிழிசல் சற்றே சுருங்கியது, மறையவில்லை. பிறகு இரண்டு லிம்ப் போல்ட்டுகளையும் சமமாக இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். அடுத்த அம்பில் கிழிசல் மூடிக்கொண்டது. வில்லின் வேகத்தைக் குறைத்ததும் அம்பு நேராகிறது என்றால், அந்த வில்லுக்கு அந்தத் தண்டு மெலிவு, அதாவது விறைப்பு போதவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சோதனை இல்லை, செலவும் கிடையாது. இறுக்கும்போது எத்தனை சுற்று, தளர்த்தும்போது எத்தனை சுற்று என்று தயாரிப்பாளர் சொல்லும் வரம்பை மட்டும் மீறாதீர்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழிக்கும் இங்கே இடம் உண்டு. உள்ளங்கை வில்லின் பிடியை முறுக்கினால் இதே கிழிசல் விழும். வேன் ரெஸ்ட்டில் உரசினாலும் விழும். கால்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை வேன்கள் மேலும் ரெஸ்ட் மேலும் லேசாக அடித்துவிட்டு எய்தால், உரசிய இடத்தில் பவுடர் வழித்தெடுத்தது போல் கோடு தெரியும். இந்த இரண்டையும் பார்த்து முடித்த பிறகே தண்டைச் சந்தேகிப்பது நியாயம்.

340க்கு மாறியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 67 பவுண்டில் பிராட்ஹெட்டும் பயிற்சி முனையும் 30 கஜத்தில் ஒரே இடத்தில் இறங்கின. அங்குலத்துக்கு 9.5 கிரெய்ன் தண்டு, முனையைத் திருகும் 16 கிரெய்ன் இன்செர்ட், 100 கிரெய்ன் முனை, மூன்று வேன், நாக் எல்லாம் சேர்த்து அம்பின் எடை 409 கிரெய்ன். இழுப்பு எடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் வேண்டும் என்பது வில்லைக் காப்பாற்றும் விதி. வேட்டைக்கு 6க்குக் கீழே போவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த அம்பு அந்த எல்லையைச் சற்றுத் தாண்டி நின்றது. பல பருவங்கள் இதிலேயே நிம்மதியாக ஓடின.

பிறகு ஏன் 300? விலா எலும்பில் பட்டாலும் மறுபக்கம் வெளியேறும் அம்பு எனக்கு வேண்டியிருந்தது. இருபக்கமும் துளை விழுந்தால் இரத்தத் தடம் தெளிவாக இருக்கும். அடிபட்ட மானை இருட்டில் தேடித் தவிக்க வேண்டியதில்லை. அந்த உயிருக்கு நாம் பட்டிருக்கும் குறைந்தபட்சக் கடன் அது. எனவே 50 கிரெய்ன் பித்தளை இன்செர்ட், 125 கிரெய்ன் நிலை அலகு முனை என்று முன்பக்கத்தைக் கனமாக்கி, வில்லை 70 பவுண்டுக்கு ஏற்றினேன். முன்பக்க எடையும் இழுப்பு எடையும் இரண்டுமே தண்டை மெலிவாக்கும் மாற்றங்கள். 340ஐ வைத்து எய்தபோது பழைய இடப்பக்கக் கிழிசல் திரும்பி வந்தது. 300இல் அது இல்லை.

புதிய அம்பின் எடை 502 கிரெய்ன். வேகமானியில் நொடிக்குச் சுமார் 285 அடியில் போன பழைய அம்புக்குப் பதிலாக இது 258 அடியில் போகிறது. இயக்க ஆற்றல் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 74 அடி-பவுண்டு. உந்தம் மட்டும் 11 விழுக்காடு கூடுகிறது. எலும்பில் அதன் பலன் தெரிகிறது. விலையாகக் கொடுப்பது பறக்கும் பாதையின் வளைவு. 20 கஜத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 30 கஜத்துக்குப் பின் தூரத்தைத் தவறாகக் கணித்தால் அம்பு தாழ்ந்துவிடும். லேசர் தூரமானி இல்லாமல் இந்த அம்புடன் காட்டுக்குப் போக மாட்டேன்.

விரலுக்குப் பதில் நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவியால் எய்யும் காம்பவுண்ட் வில், சற்று விறைப்பான அம்பைப் பொறுத்துக்கொள்கிறது. மெலிவான அம்பைப் பொறுப்பதில்லை. முதல் வரியில் சொன்னதற்குக் காரணம் இந்த அனுபவமே. 300 தண்டில் வெறும் 100 கிரெய்ன் முனையைத் திருகி எய்தும் பார்த்திருக்கிறேன். கணக்குப்படி அது தேவைக்கு மேல் விறைப்பு. ரெஸ்ட்டை ஒரு மயிரிழை நகர்த்தியதும் பிராட்ஹெட் சரியாகிவிட்டது. 67 பவுண்டில் 400ஐ அப்படிச் சமாதானப்படுத்த முடியவே இல்லை.

ஆக்சிஸ் தண்டின் உழைப்பில் எனக்குத் திருப்தி. இன்செர்ட் தண்டுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்வதால் எபாக்சி கவனமாகத் தடவ வேண்டும். பசை முன்னால் வழிந்து மரைக்குள் போனால் முனை கோணலாக உட்காரும், ஸ்பைன் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. கடினமான எதிலாவது பட்ட கார்பன் தண்டை அடுத்த முறை நாணில் பூட்டும் முன் காதருகே வைத்து வளைத்து, முறுக்கிப் பாருங்கள். நொறுங்கும் ஓசை சிறிதளவு கேட்டாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறினால் வில்லைப் பிடித்த கையில்தான் ஏறும்.

என் மனைவியின் வில் 47 பவுண்டு, அம்பு 26 அங்குலம். அவருக்கு 500 தண்டும் 100 கிரெய்ன் முனையும் போதும். மொத்தம் 354 கிரெய்ன், பவுண்டுக்கு 7.5 கிரெய்ன். என் பழைய 340களை வெட்டிக் கொடுத்தால் செலவு மிச்சம் என்று ஒரு நண்பர் சொன்னார். விறைப்பான பக்கம் நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வளவு தூரம் தாண்டினால் வேன் ஒட்டாத தண்டு எதிர்ப்பக்கம் கிழிக்கத் தொடங்கும். மனைவிக்குப் புது 500களையே வாங்கினோம். நாண் நீண்டு கேம்களின் ஒத்திசைவு நகர்ந்திருக்கலாம் என்பதால், ஒவ்வோர் ஆகஸ்டிலும் இரண்டு வில்லையும் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிராட்ஹெட்டைத் திருகுகிறோம்.