பெரிட்டோனியல் டயாலிசிஸ், ஹீமோடயாலிசிஸ்: மருந்து எதில் எப்படி வெளியேறுகிறது?

சிறுநீரகம் செயலிழந்ததால், வயிற்று உறைக்குள் திரவத்தை நிரப்பிக் கழிவை வெளியேற்றும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மருந்தின் அளவை முடிவு செய்யும்போது, இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸுக்கு எழுதப்பட்ட அளவை அப்படியே எடுத்துக்கொள்வது எளிதாகத் தோன்றும். ஆனால் இரண்டும் மருந்தை வெளியேற்றும் விதம் வேறு.

கையால் திரவம் மாற்றும் முறையில் நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் 4 முறை திரவம் உள்ளே செல்கிறது. உடலிலிருந்து கூடுதலாக இழுக்கப்படும் நீரையும் சேர்த்துச் சுமார் 10 லிட்டர் வெளியே வருவதாகக் கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிலிட்டர்தான் ஆகிறது; அதாவது, அவ்வளவு இரத்தத்தில் உள்ள மருந்துதான் நிமிடத்துக்கு நீங்க முடியும். வயிற்றுக்குள் இருக்கும் திரவம் இரத்தத்தின் மருந்துச் செறிவை முழுமையாக எட்டினாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. புரதத்தோடு ஒட்டாத மருந்தே பெரும்பாலும் வயிற்று உறைச் சவ்வைக் கடக்கும் என்பதால், 80 விழுக்காடு ஒட்டிக்கொள்ளும் மருந்துக்கு அந்த 7 என்பது 1.4 ஆகச் சுருங்கிவிடும்.

ஹீமோடயாலிசிஸ் ஒரு சிறு மூலக்கூறு மருந்தை நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து என்ற வீதத்தில், வாரம் 3 முறை, 4 மணி நேரம் அகற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் சராசரி நிமிடத்துக்குச் சுமார் 11 மில்லிலிட்டர் மட்டுமே. ஆக, மொத்த அளவைவிட வேகத்தில்தான் பெரிய வேறுபாடு. 'டயாலிசிஸ் முடிந்த பிறகு கொடுக்கவும்' என்ற குறிப்புக்கு அங்கே பொருள் உண்டு. நாள் முழுதும் வயிற்றில் திரவம் இருப்பவருக்கு 'முடிந்த பிறகு' என்று ஒரு நேரமே கிடையாது. வைரஸ் எதிர்ப்பு மருந்தான வாலாசைக்ளோவிர் உடலில் தேங்கி மனக்குழப்பமும் பிதற்றலும் வந்துவிட்டால், அதை விரைந்து வெளியேற்ற ஹீமோடயாலிசிஸே உதவும். வயிற்று வழியை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

இயந்திரம் இரவில் திரவத்தை அடிக்கடி மாற்றும் முறை, சிறு மூலக்கூறுகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஏறத்தாழ 1450 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெரிய மூலக்கூறான வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கோ அந்தக் குறுகிய தங்கல் போதாது. வயிற்று உறை அழற்சிக்கு அதைத் திரவத்திலேயே கலந்து செலுத்தும்போது குறைந்தது 6 மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும் என்பதால், இயந்திரத்தைப் பயன்படுத்துபவருக்கும் பகல்நேர நீண்ட தங்கலே ஏற்றது. அழற்சியின்போது சவ்வு அதிகம் கசிவதால் மருந்து இரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என் பார்வையில், எந்த முறை என்பதைவிட முதலில் கேட்க வேண்டியது, நாளொன்றுக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்பதே. சொந்தச் சிறுநீரகம் நிமிடத்துக்கு 4 மில்லிலிட்டர் அகற்றிக்கொண்டிருந்தால், அது மேலே சொன்ன 7-இல் பாதிக்கும் மேல். சில மாதங்களில் சிறுநீர் குறைந்துபோகும்போது, அதுவரை ஒத்துவந்த கபாபென்டின் (நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் தரும் மருந்து) அளவே மிகையாகி, தூக்கக் கலக்கத்தையும் கைகால் வெட்டி இழுப்பதையும் உண்டாக்கலாம்.