எடை இயந்திரமா, இன்ச் டேப்பா? கொலஸ்ட்ராலும் விறைப்புக் குறைபாடும்

கொலஸ்ட்ரால் கூடிய ஆண்களுக்கு விறைப்புத்தன்மை குறையும்போது, உடல் கொழுப்பை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கண்ணில் படுகிறது அல்லது தப்பிவிடுகிறது. எல்லோருக்கும் தெரிந்த பிஎம்ஐ, எடைக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டுமே தவிர, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டாது. விறைப்பைப் பொறுத்தவரை அந்த இடமே முக்கியம். கெட்ட கொலஸ்ட்ராலால் இரத்தக்குழாயின் உட்சுவர் பழுதுபட்டு, இரத்தக்குழாயைத் தளர்த்தி விறைப்புக்கு உதவும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அழற்சியையும் இன்சுலின் எதிர்ப்பையும் (இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை) கூட்டுவதோடு டெஸ்டோஸ்டிரோன் அளவையும் குறைத்துவிடுகிறது.

ஆகவே என் தேர்வு இன்ச் டேப்தான். தெற்காசிய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் வரம்பு 90 செ.மீ.; உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டுமானால், சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். ஆனால் பலர் தொப்பைக்குக் கீழே அணியும் பேண்ட்டின் அளவையே தம் சுற்றளவாகச் சொல்லிவிடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையை விலக்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளப்பதே சரியான முறை.

170 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ள ஒருவரின் பிஎம்ஐ 23.5, இந்தியர்களுக்கான 23 என்ற வரம்பைச் சற்றே தாண்டியது என்பதால் மருத்துவரும் அதைப் பெரிதுபடுத்தாமல் விடக்கூடும். அவருடைய வயிறு 94 செ.மீ. என்றால் விகிதம் 0.55, அதை விட்டுவிட முடியாது.

வயிற்றுச் சுற்றளவையும், ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பின் அளவையும் சேர்த்துக் கணக்கிடும் லேப் (LAP) என்ற கொழுப்புச் சேர்க்கைக் குறியீடும் உண்டு. ஆண்களுக்கு, செ.மீ. சுற்றளவிலிருந்து 65-ஐக் கழித்து, லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் உள்ள ட்ரைகிளிசரைடு அளவால் பெருக்க வேண்டும். கொழுப்புப் பரிசோதனை அறிக்கை கையில் இருப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. எனினும் ட்ரைகிளிசரைடும் உயர்ந்திருப்பவரிடம் இவ்வெண் கூடுவது தொப்பையாலா, இரத்தக் கொழுப்பாலா என்று பிரித்தறிய முடியாது என்பதால், இதை இரண்டாம் இடத்திலேயே வைக்கிறேன். உடல் கொழுப்பை எக்ஸ்ரே கதிர்களால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் துல்லியமானது. ஆனால் இந்தத் தேவைக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

மிகவும் பருமனானவர்களிடம் பிஎம்ஐக்கு மதிப்பு உண்டு. 2004-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், பிஎம்ஐ 30-ஓ அதற்கு மேலோ இருந்த, விறைப்புக் குறைபாடுள்ள 110 ஆண்கள் இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர்; உணவையும் உடற்பயிற்சியையும் முறையாகக் கடைப்பிடித்த குழுவில் ஏறக்குறைய மூன்றிலொருவர் இயல்பான செயல்பாட்டைத் திரும்பப் பெற்றனர்.

ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மி.மீ. விட்டமே உடையது, இதயத் தமனியோ 3 முதல் 4 மி.மீ. உடையது. சிறிய குழாயே முதலில் பாதிக்கப்படுவதால், டேப் அளவு கூடி விறைப்பும் குறைந்திருப்பவர், கூச்சத்தை ஒதுக்கி, நெஞ்சுவலி வருமுன்பே இதயப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.