ஐந்து வாங்கினேன், மூன்றை விற்றேன்: 12 ஆண்டு ஷாட்கன் அனுபவம்

என் தாத்தாவிடம் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. ஒற்றைக்குழல், 12 போர் (குழலின் அளவு), லைசென்ஸ் உள்ளது. கொல்லிமலை அடிவாரத்துக் கடலைக்காட்டுக்கு அதுதான் காவல். அவர் சுட்டு நான் பார்த்தது இரண்டு மூன்று முறை இருக்கும். அதுவும் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டதுதான். தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடிந்ததும் போய் மீட்டு வருவார். எந்த வேலைக்கு எந்தத் துப்பாக்கி என்ற குழப்பம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்தக் குழப்பம் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே தாற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், வம்பு எதற்கு என்று கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்து 2013இல் முதல் துப்பாக்கியை வாங்கினேன். பிறகு நான்கு வாங்கினேன். பிறகு மூன்றை விற்றேன். ஊரில் இருந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்க முடியாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. அந்தச் சட்டம் சொன்ன எண்ணிக்கைக்குத்தான் நானும் கடைசியில் வந்து சேர்ந்தேன், கொஞ்சம் பணத்தைத் தொலைத்துவிட்டு.

முதலில் வாங்கியது மோஸ்பெர்க் 500, பம்ப் வகை; முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். ஒரே பெட்டியில் இரண்டு குழல்கள் வந்தன. ஒன்று பறவைகளுக்கான 28 அங்குலக் குழல். இன்னொன்று மானுக்கான 24 அங்குலக் குழல், உள்ளே முறுக்குவரி வெட்டியது. முன்னால் இருக்கும் திருகைக் கையாலேயே கழற்றி ஒரு குழலை எடுத்து மற்றதைப் பொருத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்கு இடது கைப் பழக்கம். இந்தத் துப்பாக்கியில் பாதுகாப்புப் பொத்தான் மேலே, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. எந்தக் கைக்காரருக்கும் ஒன்றுதான். அதற்காகவே இதை வாங்கினேன்.

பறவைக் குழலுடன் சோக் மூன்று வந்தன. டியூப்லைட் சோக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். குழலின் வாயில் திருகிப் பொருத்தும் சிறு உருளை இது. வாயை எவ்வளவு இறுக்குகிறதோ அவ்வளவு தூரம் ரவைகள், அதாவது தோட்டாவில் நிறைத்திருக்கும் சிறு மணிகள், சிதறாமல் சேர்ந்து போகும். 12 போரில் தளர்ந்த சோக்குக்கும் நன்றாக இறுகிய சோக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். தொட்டுப் பார்த்தால் விரலுக்குத் தெரியாது, தாளில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பல ஆண்டு கழித்துச் சுட்டும் பார்த்தேன். 40 கஜத்தில் பெரிய தாளைக் கட்டி, நடுத்தர சோக்கில் ஒரு தோட்டா சுட்டு, ரவைகள் நெருக்கமாக விழுந்த இடத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளை எண்ண வேண்டும். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்தேன். அப்போது எட்டு வயதாக இருந்த என் மகள் ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு துளையையும் சுழித்துக்கொண்டே எண்ணினாள். அந்தத் தோட்டாவில் ஏறத்தாழ 394 ரவைகள். வட்டத்துக்குள் 251 இருந்தன. நடுத்தர சோக்குக்கு அறுபது விழுக்காடு என்பது கணக்கு. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இடது மேல் மூலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ஒரு துளைகூட இல்லை. கிளப்பில் சுடுவதற்காக வானில் எறியும் ஒரு களிமண் தட்டு அந்த இடைவெளியில் நுழைந்து தப்பிவிடும். "அப்பா, இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது" என்றாள், ஓட்டையே இல்லாத இடத்தைக் காட்டி. விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் இதைச் செய்திருந்தால் இரண்டு துப்பாக்கிகளின் பணமாவது மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் அடுத்து வாங்கியது டிராப் துப்பாக்கி. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்தியாவுக்காக இறங்கிய போட்டிதான் டிராப். எங்கள் கிளப்பில் ஆடுவது அதன் எளிய அமெரிக்க வடிவம். 16 கஜம் முன்னால் இருக்கும் குழியிலிருந்து ஒரு தட்டு நம்மை விட்டு விலகி மேலே எழும்பும். ஐந்து இடங்களில் நின்று இடத்துக்கு ஐந்தாக மொத்தம் 25 தட்டுகள். தட்டு எப்போதும் ஏறிக்கொண்டே போவதால், இதற்கென்று செய்த துப்பாக்கிகள் கொஞ்சம் மேலே சுடும்படி அமைந்திருக்கும். நீண்ட ஒற்றைக்குழல், மேலே தண்டவாளம்போல உயர்ந்த பட்டை. 2015இல் பழையது ஒன்றைக் கிளப் உறுப்பினர் ஒருவரிடம் வாங்கினேன். பம்பில் சராசரியாக 20, 21 எடுத்துக்கொண்டிருந்தவன் மூன்று மாதத்தில் 23க்கு வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 25க்கு 25. தனித் துப்பாக்கி வேண்டும் என்பவர்களின் கட்சி பொய்யல்ல என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் ஃபெசன்ட் பருவம் திறந்தது. இது காட்டுக்கோழி வகை. என்னைப்போல இதுவும் ஆசியாவிலிருந்து இங்கே வந்து குடியேறியதுதான். அயோவாவில் சேவலை மட்டும்தான் சுடலாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. அறுத்த மக்காச்சோளக் காட்டு ஓரத்துப் புல்லில் காலையிலிருந்து நடக்க வேண்டும். நாய் நின்றுவிடும். காலடியிலிருந்து படபடவென்று எழும்பும் சேவல் மார்பு உயரத்தில் நேராக விரையும். பம்பைத்தான் எடுத்துப் போயிருந்தேன், ஆனால் என் கண்ணும் கன்னமும் டிராப் துப்பாக்கிக்குப் பழகிவிட்டிருந்தன. தட்டுக்குக் கீழே குழலை வைத்து மேலே சுட்ட பழக்கம் அப்படியே வந்தது. பறவைக்குக் கீழே சுட்டேன். அதைத் திருத்தப்போய் மேலே சுட்டேன். இரண்டு பருவம் இப்படியே போனது.

பிறகுதான் காரணம் உறைத்தது. பறவை சுடும் ஷாட்கன்னில் கண்ணுக்குப் பக்கத்தில் குறிபார்க்கும் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. தோளில் அணைக்கும் கட்டையில் கன்னம் எங்கே படிகிறது என்பதைப் பொறுத்து அது நகரும். கண் கால் அங்குலம் உயர்ந்தால் 40 கஜத்தில் ரவைகள் ஏறத்தாழ 9 அங்குலம் மேலே போய்விடும். ஒவ்வொரு துப்பாக்கியின் கட்டையும் கன்னத்துக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறது. ஐந்து வாத்தியார் ஐந்து விதமாகச் சொன்னால் மாணவன் என்ன செய்வான்? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அயோவாப் புல்வெளியில் நின்றுகொண்டு அந்தத் தச்சனாக இருப்பது பெருமையாக இல்லை.

இருந்தும் புத்தி வரவில்லை. நடப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று 20 போரில் ஒரு மேல்கீழ் இரட்டைக்குழல் வாங்கினேன். 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை நுழையும் அளவுக் குழல். 20 போர் அதைவிடச் சிறியது. ஆறு பவுண்டு சொச்சம் எடை. நாள் முழுக்கத் தூக்கினாலும் தோள் வலிக்காது. ஆனால் சுடும்போது உதைக்கும். எடை குறைந்த துப்பாக்கி கையில் கொடுக்கும் சுகத்தைத் தோளில் வட்டியோடு வாங்கிவிடும். கிளப்பில் 100 தட்டுகள் சுட்ட அன்று மறுநாள் சட்டை மாட்டவே சிரமமாக இருந்தது.

அதை விற்றதற்குக் காரணம் உதை அல்ல. ஒரு நவம்பர் காலை, விரல் மரத்துப்போகும் குளிர். மோஸ்பெர்க்கில் தோட்டா போட உடுப்புப் பையில் கைவிட்டு அள்ளினேன். சிவப்புத் தோட்டாக்கள் மூன்றுக்கு நடுவில் ஒரு மஞ்சள் தோட்டா. போன வாரம் 20 போரை எடுத்துப் போனபோது பையில் தங்கியது. அமெரிக்காவில் 20 போர்த் தோட்டாவை மஞ்சளாகவே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. அது 12 போர்க் குழலுக்குள் வழுக்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், அதுவும் முன்கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அந்த மஞ்சள் தோட்டாவைப் பனி படிந்த கையுறையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாய் என்னைப் பார்த்தது. ஒரு வீட்டில் ஒரு போர் போதும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அடுத்த மாதம் 20 போர் விலைபோனது.

நான்காவது, வாத்து வேட்டைக்கு வாங்கிய அரைத் தானியங்கி. அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உதை மெத்தென்று இருந்தது. என் முகத்துக்குக் குறுக்கே வெற்றுத் தோட்டாவைத் துப்பியது. இடது கைக்காரர்களுக்கு அது வாடிக்கை. எண்ணெயை அளவுக்குமேல் விட்டு உறைபனியில் அதை நானே இறுகவைத்தேன். ஆனால் வாத்துக்குத் தனித் துப்பாக்கி தேவையில்லை, தனித் தோட்டாதான் தேவை என்று புரிய வைத்தது அதுதான். நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவை 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை. இரும்பு ரவையின் அடர்த்தி 7.9தான், ஈயத்துக்கு 11.3. ஆகவே இரண்டு அளவு பெரிய ரவையை எடுக்க வேண்டும், சோக்கை ஒரு படி தளர்த்த வேண்டும். மூன்று தோட்டாவுக்குமேல் கொள்ளாதபடி துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பும் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருக வேண்டும். இவை எல்லாவற்றையும் பழைய பம்பிலேயே செய்யலாம். சேற்றில் விழுந்தாலும் மனம் பதறாது.

ஐந்தாவதாக 2019இல் வாங்கியதுதான் நிலைத்தது: பிரௌனிங் சிட்டோரி, 12 போர், 30 அங்குல மேல்கீழ்க் குழல். ஜான் பிரௌனிங் கடைசியாக வடிவமைத்த சூப்பர்போஸ்டின் வழியில் 1973இல் வந்த துப்பாக்கி, ஜப்பானில் செய்தது. இரண்டு குழலுக்கும் தனித்தனி சோக் போடலாம் என்பதால் ஒரே துப்பாக்கியில் அருகில் ஒரு பறவை, தூரத்தில் ஒரு பறவை என்று இரண்டு விடை கிடைக்கிறது. மடக்கித் திறந்தால் வெற்றுத் தோட்டா பின்னால் வரும், முகத்துக்கு வராது. இதற்குத் துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்துக் கட்டையைக் கால் அங்குலம் குறைத்தேன். செலவழித்த பணத்தில் எனக்கு அதிகப் பலன் தந்தது அந்தக் கால் அங்குலம்தான். எட்டு பவுண்டு எடை. கிளப்பில் வரம், வயலில் மூன்று மணிக்குமேல் பாரம். ஆனாலும் இப்போது தட்டுக்கும் ஃபெசன்ட்டுக்கும் இதைத்தான் தூக்குகிறேன். டிராப்பில் 22, 23. அந்தப் பழைய 25க்கு 25 திரும்ப வரவில்லை. வயலில் சேவல் விழுகிறது.

மோஸ்பெர்க்குக்கு மீதி வேலைகள். டிசம்பரில் மான் பருவத்துக்கு முறுக்குவரிக் குழலை மாட்டுகிறேன். குறி பார்க்கும் அமைப்பு குழலின்மேலேயே இருப்பதால் கழற்றி மாட்டினாலும் குறி பெரிதாக விலகுவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டுப் பார்க்காமல் போவதில்லை. மழை, வாத்து, படகு எல்லாம் அதற்கே. ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் இரண்டு குழலோடு வரும் பம்பைத்தான் சொல்வேன். பம்பில் இரட்டைத் தட்டு சுடும்போது பாதியிலேயே இழுப்பை நிறுத்திவிட்டு 'டிக்' என்ற வெறும் சத்தத்தோடு நிற்கும் அவமானம் சில நூறு தோட்டாக்களில் போய்விடும். கட்டையை உடம்புக்குத் திருத்திக்கொள்ளாத ஐந்து துப்பாக்கிகளைவிட, திருத்திய ஒன்று எனக்கு அதிகம் சுட்டுத் தந்திருக்கிறது.

வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் துப்பாக்கி துடைக்கும் நாள். ஐந்து இருந்தபோது கூடம் முழுக்க எண்ணெய் நாற்றம், மனைவி சுண்டலை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். இப்போது இரண்டுக்கும் பொட்டு வைத்து முடிக்க அரை மணி.

இந்த நிம்மதி எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. தாளில் ஓட்டை எண்ணிய மகளுக்கு அடுத்த ஆண்டு 12 வயது ஆகிறது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் சிட்டோரியைக் காலி செய்து அவள் தோளில் வைத்துப் பார்த்தேன். கட்டை இரண்டு அங்குலம் நீளம், முன்கை எட்டவில்லை, எடையில் அவள் பின்னால் சாய்ந்தாள். மோஸ்பெர்க்கும் அப்படித்தான். அவளுக்குக் குட்டைக் கட்டை போட்ட இளையோர் துப்பாக்கிதான் சரிப்படும், கடைக்காரர் எடுத்துக் காட்டியதெல்லாம் 20 போர். வாங்குவதற்கு முன்பே தனிப் பூட்டோடு ஒரு பச்சைப் பெட்டி வாங்கி வைத்துவிட்டேன். மஞ்சள் தோட்டாக்கள் அதை விட்டு வெளியே வரக்கூடாது, சாவி என் கழுத்தில்.