கான்செப்ட் எக்ஸ்ப்ளோரர் 1.3: குறுக்குக் கேள்வி கேட்கும் அட்டவணை

சில பொருள்கள், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான பண்புகள், அந்தப் பண்புகள் முழுவதும் உள்ளவை அதே பொருள்கள் மட்டுமே. இப்படி அமைந்த ஜோடியைத்தான் ஜெர்மன் கணிதவியலாளர் ருடால்ஃப் வில்லே 1982-ல் 'கருத்துரு' என்று வரையறுத்தார். அதைக் கணினியில் போட்டுப் பார்க்க இந்த இலவச ஜாவா மென்பொருள் இன்றும் கைகொடுக்கிறது. முகப்பு பழசு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான்கு வரிசை போடுங்கள். காகம்: பறக்கும், முட்டையிடும். வாத்து: இவற்றோடு நீந்தும். வௌவால்: பறக்கும், பாலூட்டும். திமிங்கிலம்: நீந்தும், பாலூட்டும். ஒன்பது கருத்துருக்களை வட்டங்களாகவும் அவற்றின் உறவைக் கோடுகளாகவும் காட்டும் பின்னல் படம் வரும். வட்டத்தின் மேல்பாதி நீலமானால் அங்கே ஒரு பண்பு ஒட்டியிருக்கிறது. கீழ்ப்பாதி கறுப்பானால் ஒரு பொருள். ஒரு பொருளிலிருந்து கோடுகள் வழியே மேலே ஏறினால் எதிர்ப்படுவதெல்லாம் அதன் பண்புகள்.

படம் அழகுதான், ஆனால் உண்மையில் பயன் தருவது பண்பு ஆய்வு வசதி. "முட்டையிடுவதெல்லாம் பறக்குமா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்லி, முட்டையிட்டு நீந்தும் பென்குயினைச் சேர்த்தால் கருத்துருக்கள் பதினொன்றாகும். முட்டையும் இட்டுப் பாலும் ஊட்டும் பிளாட்டிபஸைச் சேர்த்தால் பன்னிரண்டு. நம் அட்டவணையில் எது விடுபட்டது என்பதை அதுவே தோண்டி எடுக்கிறது. துறை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதை ஓட்ட வேண்டாம். தப்பாக 'ஆம்' சொன்னால் அந்த விதி உள்ளே உட்கார்ந்துவிடும்.

வழுக்கும் இடங்கள் உண்டு. காலிக் கட்டத்துக்கு 'இல்லை' என்றுதான் பொருள். 'தெரியாது' என்று விட்டதையும் அப்படியே எடுத்துக்கொண்டு பொய்யான விதிகளைத் தரும். விதியின் பக்கத்தில் <0> என்றிருந்தால் அதன் நிபந்தனைக்குப் பொருந்தும் பொருள் ஒன்றுகூட அட்டவணையில் இல்லை. அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடாதீர்கள். உயரம், விலை போன்ற எண்களை '100-க்கு மேல்' போன்ற ஆம்/இல்லைப் பண்புகளாக முதலில் உடைத்தாக வேண்டும்.

பெரிய அட்டவணைக்கு இது ஆகாது. குற்றம் மென்பொருளுடையது மட்டுமல்ல: மூலைவிட்டம் மட்டும் காலியான 10×10 அட்டவணையிலேயே 1,024 கருத்துருக்கள், 20×20 என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். படத்தைக் கண்ணால் படிக்க வேண்டுமானால் ஐம்பது வட்டங்களுக்குள் நிறுத்துவது நல்லது.

அட்டவணையைச் சேமிக்கும் சிஎக்ஸ்டி (.cxt) கோப்பைக் கையால் எழுதுவோர் கவனிக்க: முதல் வரியில் 'B' என்ற ஆங்கில எழுத்து, ஒரு காலி வரி, பொருள் எண்ணிக்கை, பண்பு எண்ணிக்கை, மறுபடி காலி வரி, பெயர்கள், பிறகு 'X' என்ற ஆங்கில எழுத்தும் புள்ளியுமான வரிசைகள். எண்ணிக்கை ஒன்று பிசகினால் பண்பின் பெயர் பொருளின் இடத்தில் போய் உட்காரும்.