மழைச் சத்தத்துக்கு அடியில் பேச்சு இருக்கிறதா: ஒரு சப்ளிமினல் ஆடியோ ஆப், வாங்கிக் கேட்டுப் பார்த்தபின்

சந்தா கட்டலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்ட வேண்டாம். சப்ளிமினல் என்றால், காதுக்குப் பிரித்துக் கேட்காத அளவில், மழை மாதிரி ஒரு சத்தத்துக்கு அடியில் "நான் தைரியமானவள்" என்கிற மாதிரி வாக்கியங்களை ஒளித்து வைப்பது, தூங்கும்போதே அது ஆழ்மனதை மாற்றிவிடும் என்பது விற்பவர்கள் சொல்வது. மழைச் சத்தம் நன்றாக இருக்கிறது, கேட்டால் தூக்கம் வருகிறது. அதற்கு மேல் அந்த ஆப் தருவதாகச் சொல்லும் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே சரக்கை ஏறக்குறைய இதே விளம்பர வாசகத்தோடு விற்கிற ஆப்கள் ஏராளமாக இருக்கின்றன, நான் எழுதுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

எதற்காக வாங்கினேன் என்றும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி பக்கம் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது பெங்களூரில் வேலை, அல்சூர் மர்பி டவுனில் பிஜி. ஆபீஸில் வாராவாரம் ரிவ்யூ மீட்டிங், அங்கே என் முறை வரும்போது தெரிந்த விஷயம்கூடத் தொண்டையில் நின்றுவிடும். டீமில் ஒரு அக்கா தினமும் காலையில் அஃபர்மேஷன் சொல்லச் சொன்னார், கண்ணாடி முன்னால் நின்று, சத்தமாக, "நான் தயங்காமல் பேசுகிறேன்" என்று. எங்கே போய்ச் சொல்வது? ஒரு அறையில் மூன்று பேர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் மூன்று பேர். பெங்களூரில் வேறு ஏரியாவாக இருந்தால் தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று விட்டுவிடலாம், அல்சூரில் அது நடக்காது, மாடியில் துணி காயப்போடும் அக்காவிலிருந்து தண்ணீர் கேன் போடும் அண்ணன் வரை எல்லோருக்கும் தமிழ் தெரியும். அதனால் "வாய் திறக்கவே வேண்டாம், காதில் போட்டுக்கொண்டு தூங்கினால் போதும்" என்ற விளம்பரம் என்னை மாதிரி ஆட்களுக்காகவே எழுதியது போல இருந்தது.

அந்த விளம்பரத்தில் இன்னொரு வாதமும் உண்டு, அதில் பாதி உண்மை. சத்தமாகச் சொன்னால் விழிப்பு மனம் "இல்லையே, நீ பயந்தாங்கொள்ளிதானே" என்று எதிர்த்துப் பேசும், சப்ளிமினல் அந்தக் காவலைத் தாண்டி நேராக ஆழ்மனதுக்குப் போய்விடும் என்கிறார்கள். எதிர்த்துப் பேசும் என்பது சரிதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் "நான் நேசிக்கத் தகுந்தவள்" என்கிற மாதிரி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். ஏற்கெனவே தன்மேல் நல்ல எண்ணம் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவியது. அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது உறுத்துகிறது. ஆனால் அதற்கு மருந்து அந்த வாக்கியத்தையே காதுக்குக் கேட்காமல் ஒளித்து வைப்பது என்று எப்படி வரும்? உறுத்துகிற வாக்கியத்தை மாற்றுவதுதானே நியாயமான அடுத்த வேலை.

சரி, ஆப்புக்கு வருவோம். மாதம் 399 ரூபாய். தமிழ் என்று ஒரு தனிப் பிரிவு, அதில் தன்னம்பிக்கை, பணவரவு, தூக்கம், பரீட்சை என்று தலைப்புகள். மழை, அருவி, தான்புரா என்று மேல் சத்தத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒலிப்பதிவு சுத்தம், லூப் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் இடம் தெரிவதில்லை, டைமர் ஒழுங்காக நிற்கிறது. இதெல்லாம் நிஜமாகவே நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் தன்னம்பிக்கை டிராக்கில் எந்த வாக்கியங்கள் இருக்கின்றன என்று ஆப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை. சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டேன். வாக்கியப் பட்டியல் தங்கள் தொழில் ரகசியம், தெரிந்துகொண்டால் விழிப்பு மனம் தலையிடும், பலன் குறையும் என்று பதில் வந்தது.

எனக்கு இந்த ஆப் மேல் இருந்த மதிப்பு அந்தப் பதிலோடு போய்விட்டது. என் காதில், நான் தூங்கும்போது, என் மனதை மாற்றுவதற்காக ஒலிக்கிற வாக்கியம் என்ன என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்று ஒரு கம்பெனி சொல்வதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. நம் பக்கத்தில் ஜபத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள்: காதில் விழும்படி வாசிகம், உதடு மட்டும் அசைய உபாம்சு, மனதுக்குள்ளேயே மானசம். மானசத்தில் சத்தமே கிடையாது, ஆனால் எதைச் சொல்கிறோம் என்று சொல்பவருக்குத் தெரியும், சொல்வதும் அவரேதான். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு வழி நம்மிடம் எப்போதுமே இருந்திருக்கிறது, அதில் யாரும் யாரிடமிருந்தும் எதையும் மறைக்கவில்லை.

அடுத்து, உள்ளே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆசை வந்தது. என் அத்தை மகன் சவுண்ட் எடிட்டிங் வேலையில் இருக்கிறான், ஆப்பிலிருந்து டவுன்லோட் செய்த கோப்புகளை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாகக் காட்டினான். எந்த அலைவரிசையில் எப்போது எவ்வளவு சத்தம் என்பது அதில் படமாக வரும், மனிதப் பேச்சு இருந்தால் அடுக்கடுக்கான கோடுகளாகத் தெரியும். தான்புரா டிராக்கில் மங்கலாக, வேகமாக ஓட்டிய பேச்சு மாதிரி ஒன்று தெரிந்தது. மழை டிராக்கில் ஒன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால் அதற்கு அடியில் ஏதாவது இருந்தாலும் மூடிக்கொண்டுவிடும், அதனால் இல்லவே இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவன் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியம். எம்பி3, ஏஏசி போன்ற முறைகள் கோப்பைச் சுருக்குவதே, பெரிய சத்தம் மூடிவிடுகிற சின்னச் சத்தத்தைக் காது எப்படியும் கேட்காது என்ற கணக்கை வைத்துத்தான். மழைக்கு அடியில் ஒளித்த முணுமுணுப்பில்தான் அந்தக் கத்தரி முதலில் விழும். ஸ்டுடியோவில் போட்டது நம் இயர்போன் வரை வந்து சேர்ந்ததா என்று விற்பவர்கள்கூடச் சரிபார்த்திருப்பார்களா, சந்தேகம்தான்.

"சைலண்ட்" என்ற டிராக் இதைவிட மோசம். 17,500 ஹெர்ட்ஸில் செய்தியை ஏற்றியிருப்பதாக விளக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், கோப்பில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை, படத்தில் கத்தியால் வெட்டியது மாதிரி அங்கேயே முடிந்துவிடுகிறது. குறைந்த பிட்ரேட்டில் சுருக்கிய கோப்புகளில் இது சகஜம். அந்த உயரத்தில் அலை இருந்திருந்தாலும் பயன் இல்லை, உயர்ந்த அலை ஒன்றில் ஏற்றிய பேச்சைத் திரும்பப் பிரித்தெடுப்பது ரேடியோ பெட்டி செய்கிற வேலை, காதுக்கு அந்த வித்தை கிடையாது. இதற்கு 1992ல் அமெரிக்காவில் ஆலிவர் லோவரி என்பவர் வாங்கிய காப்புரிமையை இவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒரு யோசனை புதிது என்பதற்குத்தான் காப்புரிமை, அது ஆட்களின் மனதை மாற்றும் என்று பரிசோதித்துக் கொடுத்த சான்று ஆகாது.

பரிசோதனை என்று பார்த்தால் கேசட் காலத்திலேயே செய்துவிட்டார்கள். வாட்டர்லூவிலேயே ஃபிலிப் மெரிக்கிள் 1988ல் வெளியிட்ட ஆய்வில், கடையில் விற்ற சப்ளிமினல் கேசட்டுகளை ஆராய்ந்து பார்த்தபோது பேச்சுக்கான அடையாளமே கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது 1991ல் அமெரிக்க உளவியலாளர் ஆண்டனி கிரீன்வால்டும் சகாக்களும் வெளியிட்டது. ஞாபகசக்திக்கு ஒரு கேசட், தன்மதிப்புக்கு ஒரு கேசட். அந்தப் பலன் வேண்டும் என்று தாங்களே விரும்பி வந்தவர்களிடம் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டி. தினமும் கேட்டு ஒரு மாதம் போல ஆனபின் சோதித்தால் எந்தக் கேசட்டும் தான் சொன்ன பலனைத் தரவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் லேபிளில் என்ன எழுதியிருந்ததோ அதில் தாங்கள் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள். உள்ளே இருந்தது வேறு கேசட்டாக இருந்தபோதும்! சப்ளிமினல் மோகத்துக்கே வித்திட்ட அந்த சினிமா தியேட்டர் கதையும் இருக்கிறதே, 1957ல் திரையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாப்கார்ன் சாப்பிடு, கோக் குடி என்று காட்டி விற்பனையைக் கூட்டியதாக அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஜேம்ஸ் விக்கரி சொன்னது, அதை 1962ல் அவரே வெறும் வித்தை என்று ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் பல விளம்பரங்கள் அந்தத் தியேட்டரில்தான் ஆரம்பிக்கின்றன.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும், கிரீன்வால்டின் ஆய்வில் எந்த லேபிள் இருந்தாலும் எல்லோரிடமும் பொதுவாகக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. எனக்கும் அந்தச் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. ராத்திரி ஒரே நேரத்தில் விளக்கை அணைத்து, போனைக் கவிழ்த்து வைத்து, மழைச் சத்தத்தில் தூங்கினால் யாருக்கும் மறுநாள் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் ரிவ்யூவில் தொண்டை அடைத்தது அப்படியே இருந்தது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன், இதற்குச் செலவே இல்லை. போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் என் குரலிலேயே, தமிழில், நான்கைந்து வாக்கியம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பதிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அல்சூர் ஏரிக்கரையில், நடப்பவர்கள் பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டேதான் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் பயமே இல்லாதவள்" என்று எதுவும் அதில் கிடையாது. "போன டெமோவில் நான் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். முதல் வாக்கியம் மெதுவாக." இவ்வளவுதான். எல்லாம் நடந்தவை அல்லது என்னால் முடிந்தவை, அதனால் எதிர்த்துப் பேச மனசுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அல்சூரில் மெட்ரோ ஏறி பட்டந்தூர் அக்ரஹாரா போய்ச் சேர்வதற்குள் இதைக் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சொல்ல வேண்டிய முதல் இரண்டு வரியை உதட்டளவில் ஒத்திகை பார்த்துக்கொள்கிறேன். ரிவ்யூவில் இப்போதும் குரல் நடுங்குகிறது, ஆனால் என் முறை வந்தால் பேசிவிடுகிறேன். கேட்டதைவிட அந்த ஒத்திகைதான் அதிகம் உதவியது என்பது என் கணிப்பு.

ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கு: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதியை, ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த மெசேஜைக் கவனித்தால் போதும். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசப் பயம் என்பது தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போய்விட்டது என்றால் எந்த ஆடியோவும் வேண்டாம், 14416க்கு அழையுங்கள், அது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு பிடிஎம் லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையின் நலவாழ்வு மையமும் இருக்கிறது.